வாயை மூடிக்கொண்டு 3 வாரம் பட்டினி கிடக்கும் மீன்: வீட்டுத் தொட்டியில் சிக்லிட் குஞ்சு வளர்ப்பது எப்படி?

ஆறு மாதமாக ஓடி ஓடித் தீனி தின்ற மஞ்சள் மீன் ஒன்று திடீரென்று சாப்பிடுவதை நிறுத்துகிறது. தீனி போட்டால் மற்ற மீன்கள் எல்லாம் மேலே பாய்ந்து வருகின்றன. இது மட்டும் கல் இடுக்கில் ஒதுங்கி நிற்கிறது. தொண்டை உப்பியிருக்கிறது. வாயை முழுசாக மூட முடியாமல், எதையோ மென்றுகொண்டே இருப்பது போலத் தெரிகிறது.

"அண்ணா, மீனுக்கு என்னமோ ஆயிடுச்சு. ரெண்டு நாளா சாப்பிடவே மாட்டேங்குது. மருந்து ஏதாவது கொடுங்க" என்று வண்ணமீன் கடைக்கு ஓடுவதுதான் ஆப்பிரிக்க சிக்லிட்டைப் புதிதாக வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்வது. விஷயம் தெரிந்த கடைக்காரர் என்றால் சிரித்துவிட்டு, "தாடை உப்பியிருக்கா? மருந்தெல்லாம் வேணாம் தம்பி. வாய்ல முட்டை வெச்சிருக்கு, அதைத் தொந்தரவு பண்ணாம விடுங்க" என்பார்.

விஷயம் தெரியாதவர் மருந்து பாட்டிலை நீட்டினால் கதை வேறு. மருந்து, உப்பு, வலை போட்டுத் துரத்துவது என எது நடந்தாலும் பயந்துபோன தாய் மீன் முட்டைகளைத் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். வாய்க்குள் குஞ்சு வளர்க்கும் மீன்களை வீட்டில் இனப்பெருக்கம் செய்ய முயல்பவர்கள் முதல் ஈட்டைத் தொலைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

வாய்க்குள் ஏன் முட்டை?

கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு இடையே நீளமாகக் கிடக்கிறது மலாவி ஏரி. சுமார் 580 கிலோமீட்டர் நீளம். நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் இந்த ஒரே ஏரியில் வாழ்கின்றன. வேறு எங்கும் இல்லாதவை அவற்றில் ஏராளம். ஏரியின் தென்பகுதியில் உள்ள தேசியப் பூங்காவை 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்த மீன்கள் முக்கியக் காரணம்.

பாறைகளும் மணலுமான அந்தக் கரையோரத்தில் முட்டையைக் கல்லில் ஒட்டிவிட்டுப் போனால் அடுத்த நிமிடமே யாராவது தின்றுவிடுவார்கள். அதனால் அங்குள்ள சிக்லிட்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன. முட்டை இட்ட உடனே தாய் அதை வாயில் எடுத்துக்கொள்கிறது. குஞ்சு தானாக நீந்தும் வரை வெளியே விடுவதில்லை.

கணக்கும் அதற்கேற்ற மாதிரிதான். ரோகு, கட்லா போன்ற கெண்டை வகைகள் லட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். மலாவி சிக்லிட் இடுவது பெரும்பாலும் பத்து முதல் ஐம்பதுக்குள். ஆனால் ஒவ்வொரு முட்டையும் பெரிது, மஞ்சள் கரு நிறைந்தது.

இது ஏதோ ஆப்பிரிக்க அதிசயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊர் மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் ஜிலேபி மீனும் இதே குடும்பம்தான், இதே பழக்கம்தான். வலையில் சிக்கிய தாய் ஜிலேபி வாயிலிருந்து முட்டையையும் குஞ்சையும் கக்குவதை ஏரி மீனவர்கள் பார்த்திருப்பார்கள். கடலில் கிடைக்கும் கெளிறு மீன்களிலும், வாஸ்து மீன் என்று விலை வைத்து விற்கப்படும் ஆசிய அரோவானாவிலும் இந்த வேலையைச் செய்வது அப்பா மீன்.

ஆண் மீனின் துடுப்பில் 'போலி முட்டை'

சிக்லிட் ஜோடி சேரும் விதத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆண் மீன் ஒரு தட்டையான கல்லையோ மணல் பள்ளத்தையோ தன் இடமாகப் பிடித்துக்கொள்ளும். நிறம் பளிச்சென்று ஏறும். உடம்பை நடுக்கி நடுக்கிப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து சில முட்டைகளை இட்டு, சட்டென்று திரும்பி அவற்றை வாயில் அள்ளிக்கொள்ளும். இரண்டும் வட்டமடித்துக்கொண்டே இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

அப்படியானால் முட்டை கருவுறுவது எப்போது? ஆண் மீனின் குதத் துடுப்பில் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறத்திலோ வட்டப் புள்ளிகள் இருக்கும். பார்க்க முட்டை போலவே இருக்கும். விட்டுப்போன முட்டை என்று எண்ணியதுபோல் பெண் மீன் அதைக் கொத்த வாயைக் கொண்டுபோகும்போது ஆண் விந்தை வெளியிடுகிறது. அது வாய்க்குள் போய், உள்ளே இருக்கும் முட்டைகள் கருவுறுகின்றன. இந்தப் புள்ளிகள் போலி முட்டையாக வேலை செய்கின்றன என்ற விளக்கத்தை ஜெர்மானிய விலங்கியலாளர் வொல்ஃப்காங் விக்லர் 1962-இல் முன்வைத்தார். புள்ளிகளுக்கு வேறு பயன்களும் உண்டு, போட்டி ஆண்களை மிரட்டவும் அவை உதவுகின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் சேர்த்துச் சொல்லின.

புள்ளி இருந்தால் ஆண் என்று கடையில் யாராவது அடித்துச் சொன்னால் முழுசாக நம்பிவிடக் கூடாது. பல இனங்களில் பெண்ணுக்கும் புள்ளி உண்டு.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

தண்ணீர் சுமார் 26, 27 டிகிரி செல்சியஸில் இருந்தால் முட்டைகள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்துவிடும். ஆனால் அவை அப்போதே மீன் குஞ்சு ஆகிவிடுவதில்லை. வயிற்றில் பெரிய மஞ்சள் கருப் பையோடு, நீந்த முடியாத சின்னப் புழு மாதிரி இருக்கும். அந்தப் பையில் உள்ள சத்து தீரும் வரை, இன்னும் இரண்டு வாரம் போல, தாயின் வாய்தான் வீடு. மொத்தத்தில் 18 முதல் 28 நாள். தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்தால் தாமதம்.

தாய் மென்றுகொண்டே இருப்பது போலத் தெரிவது உண்மையில் முட்டைகளைப் புரட்டுவது. எல்லா முட்டைக்கும் ஆக்ஸிஜன் போக வேண்டும், பூஞ்சை பிடிக்கக் கூடாது. இந்த நாட்களில் பெரும்பாலான மலாவி இனங்களின் தாய் எதுவும் சாப்பிடாது. வயிறு ஒட்டி, முதுகு மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். பக்கத்து டாங்கனிகா ஏரியின் ட்ரோஃபியஸ் இனத்தில் மட்டும் தாய் நடுநடுவே தீனி எடுத்து, வாய்க்குள் இருக்கும் குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது.

அதே டாங்கனிகாவில் இதற்கு ஒரு திருடனும் உண்டு. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதை நமக்குத் தெரியும். அங்கே 'குக்கூ கெளுத்தி' என்ற புள்ளி போட்ட கெளுத்தி மீன் அந்த வேலையைச் செய்கிறது. சிக்லிட் ஜோடி முட்டையிடும் நேரத்தில் இடையில் புகுந்து தன் முட்டைகளையும் போட்டுவிடும். அவசரத்தில் தாய் சிக்லிட் எல்லாவற்றையும் அள்ளி வாயில் வைத்துக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரிந்து, அதே வாய்க்குள் இருக்கும் சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். தாய் பட்டினி கிடந்து காப்பாற்றியது அடுத்தவர் பிள்ளையை.

புதியவர்கள் எந்த மீனில் தொடங்கலாம்?

ஆப்பிரிக்க சிக்லிட்களில் பல பயங்கர சண்டைக்காரர்கள். அவற்றில் கொஞ்சம் சாது என்று பெயர் எடுத்தது கடைகளில் 'எலக்ட்ரிக் யெல்லோ', 'யெல்லோ லேப்' என்று விற்கப்படும் மஞ்சள் மீன். அறிவியல் பெயர் லாபிடோக்ரோமிஸ் செருலியஸ். செருலியஸ் என்றால் லத்தீனில் நீலம்! 1956-இல் ஜெஃப்ரி ஃப்ரையர் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தது மஞ்சள் வகை அல்ல. மஞ்சள் வகை பின்னால்தான் மீன் வளர்ப்பவர்களிடையே பிரபலமானது.

இந்த இனத்தில் ஆண், பெண் இரண்டும் மஞ்சள்தான். சிறியதில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதனால் ஜோடியாகக் கேட்டு வாங்குவதைவிட ஆறு முதல் எட்டுக் குட்டிகளை ஒன்றாக வாங்கி வளர்ப்பதே நடைமுறை. வளர்ந்த பிறகு ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண் என்ற கணக்கில் வைத்துக்கொண்டு, கூடுதல் ஆண்களைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரே ஒரு பெண்ணை ஆணோடு விட்டால், ஓய்வே கொடுக்காமல் துரத்தித் துரத்தி அது பெண்ணைச் சாகடித்துவிடும் அபாயம் உண்டு.

தொட்டி குறைந்தது நான்கு அடி நீளம், 200 லிட்டர் அளவில் இருப்பது நல்லது. உயரத்தைவிட நீளம் முக்கியம், ஏனென்றால் இவை மேலும் கீழும் அல்ல, பக்கவாட்டில் இடம் பிடித்துச் சண்டை போடுபவை. அடியில் மணல், பின்னால் கற்களை அடுக்கிக் குகை குகையாக இடுக்குகள். கற்களை மணலுக்கு மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் நிற்கும்படி வைக்க வேண்டும். இந்த மீன்கள் மணலைத் தோண்டிக்கொண்டே இருக்கும், கல் சரிந்தால் கண்ணாடி போச்சு.

போர் தண்ணீர் நல்லது, ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம்

வண்ணமீன் என்றாலே மென்மையான தண்ணீர் வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மலாவி சிக்லிட்டுக்கு இது தலைகீழ். அந்த ஏரியின் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. பி.எச். அளவு 7.7-இல் இருந்து 8.6 வரை இருக்கும். குழாயில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் போர் தண்ணீரைத் திட்டித் தீர்க்கும் சென்னைவாசிகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஓரளவு கடினமான போர் தண்ணீரில் இவை நன்றாகவே இருக்கின்றன. கரிக்கிற அளவுக்கு உப்பு ஏறிய தண்ணீர் ஆகாது. டெஸ்ட் கிட் வாங்கி ஒரு முறை பார்த்துவிடுவது பாதுகாப்பு. லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றுவதாக இருந்தால் ஆன்டி குளோரின் விடாமல் ஊற்றவே கூடாது.

ஆர்.ஓ. மெஷின் தண்ணீரில் தாதுக்களே இருக்காது. அதை அப்படியே நிரப்பினால் பி.எச். நிற்காமல் ஏறி இறங்கும். தண்ணீர் மென்மையாக இருக்கும் ஊர்களில் சுண்ணாம்புக் கல், கிளிஞ்சல் துண்டுகளைத் தொட்டியிலோ ஃபில்டரிலோ போட்டு வைப்பார்கள். கடற்கரையில் கிடக்கும் பவழத்தைப் பொறுக்கி வந்து போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். பவழப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, மாட்டினால் வழக்கு.

வெப்பம் 25 முதல் 28 டிகிரி. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாதங்களில் ஹீட்டர் தேவைப்படாது. உண்மையான பிரச்சினை ஏப்ரல், மே மாத வெயில். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். வாய் நிறைய முட்டையோடு மூச்சு விடும் தாய்க்கு அது இரட்டைச் சிரமம். மூடியைத் திறந்து ஃபேன் காற்று படும்படி வைப்பதும், கரண்ட் கட் நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருப்பதும் உதவும்.

வாயில் முட்டை தெரிந்தது, இனி என்ன செய்வது?

இங்கேதான் வளர்ப்பவர்கள் மூன்று கட்சியாகப் பிரிகிறார்கள்.

ஒரு கட்சி, தாயை அப்படியே பெரிய தொட்டியில் விட்டுவிடுவது. மீன் தன் பழகிய இடத்தில் இருக்கிறது, பதற்றம் இல்லை. ஆனால் குஞ்சுகளை வெளியே விட்ட உடனே மற்ற மீன்கள் காத்திருந்தது போலத் தின்றுவிடும். கல் இடுக்குகள் நிறைய இருந்தால் ஒன்றிரண்டு தப்பி வளரும். விற்பனை நோக்கம் இல்லாதவர்களுக்கு இதுவே போதும். இரண்டு மாதம் கழித்துக் கல்லுக்குப் பின்னால் இருந்து ஒரு அங்குல மஞ்சள் மீன் எட்டிப் பார்க்கும் சந்தோஷம் தனி.

இரண்டாவது, தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றுவது. எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முட்டை எடுத்த முதல் சில நாட்களில் கையை வைத்தால் துப்பிவிடும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டு வாரம் தாண்டிய பிறகு மாற்றுவது பாதுகாப்பு. அதற்குள் உள்ளே இருப்பவை பாதிக் குஞ்சாக வளர்ந்திருக்கும், ஒருவேளை துப்பினாலும் பிழைக்க வாய்ப்பு இருக்கும். எனவே மீன் தீனியை மறுத்த முதல் நாளைக் காலண்டரில் குறித்து வைப்பது அவசியம்.

மாற்றுவதற்கு இரவு நேரம் நல்லது. விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, மங்கிய வெளிச்சத்தில், தண்ணீருக்கு உள்ளேயே ஒரு டப்பாவுக்குள் மீனை ஒதுக்கித் தண்ணீரோடு தூக்க வேண்டும். வலையில் தூக்கித் துள்ள விடுவதுதான் முட்டையை இழக்கச் சுலபமான வழி. தனித் தொட்டிக்கு 40, 50 லிட்டர் போதும். பெரிய தொட்டியின் தண்ணீரையே நிரப்பி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு மண் சட்டி அல்லது பைப் துண்டு. ஃபில்டர் புதிதாக இருக்கக் கூடாது. பெரிய தொட்டியில் சில வாரம் ஓடியதாக இருந்தால்தான் அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா அதில் இருக்கும்.

மூன்றாவது, வாயைத் திறந்து குஞ்சுகளைக் கையால் எடுப்பது. தொழில்முறைப் பண்ணைகளில் இது சாதாரணம். ஈரக் கையில் மீனைப் பிடித்து, தலை கீழாகத் தொட்டித் தண்ணீர் உள்ள கிண்ணத்தின் மேல் வைத்து, கீழ்த் தாடையை மெதுவாகத் திறந்தால் குஞ்சுகள் விழும். முட்டை நிலையிலேயே எடுப்பவர்கள், தண்ணீர் ஓட்டத்தில் முட்டை புரண்டுகொண்டே இருக்கும் 'எக் டம்ப்ளர்' என்ற குழாயில் போட்டு வளர்க்கிறார்கள். குஞ்சு எண்ணிக்கை அதிகம் கிடைக்கும், தாயின் பட்டினியும் சீக்கிரம் முடியும் என்பது இவர்கள் வாதம். தாடை உடைவதும் முட்டை பூஞ்சை பிடிப்பதும் இதிலுள்ள ஆபத்து. கையால் எடுத்தே வளர்க்கப்பட்ட தலைமுறைகள் குஞ்சு காக்கும் குணத்தை இழக்கின்றன என்ற குற்றச்சாட்டும் வளர்ப்பவர்களிடையே நீண்டகாலமாக இருக்கிறது.

முதல் முறை முயல்பவர்களுக்கு இரண்டாவது வழியே ஏற்றது. தாய் 30 நாள் தாண்டியும் விடாமல், எலும்பும் தோலுமாகத் தள்ளாடினால் மட்டும் அனுபவசாலி ஒருவரை வைத்து வாயைத் திறப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. முதல் முறை தாய் ஆகும் மீன்கள் நான்காம், ஐந்தாம் நாளிலேயே முட்டையை விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தீனிக்கு வந்துவிடுவது மிகச் சாதாரணம். முட்டை சரியாகக் கருவுறாமல் இருந்தாலும் இப்படி நடக்கும். இதற்காக மீனை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது, மூன்றாவது முறையில் பெரும்பாலும் பழகிவிடும்.

குஞ்சு வெளியே வந்தாச்சு

ஒரு நாள் காலையில் தொட்டியின் அடியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சின்னச் சின்ன மஞ்சள் உருவங்கள் ஓடும். முதல் ஓரிரு நாளில், ஆள் நிழல் பட்டால் சில தாய்கள் அவற்றை மீண்டும் வாயில் அள்ளிக்கொள்ளும். பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. ஆனால் இதை வீடியோ எடுக்க வேண்டும் என்று தொட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தால் குஞ்சு வயிற்றுக்குள் போகும் வாய்ப்பும் உண்டு.

இந்தக் குஞ்சுகளை வளர்ப்பது மற்ற மீன் குஞ்சுகளைவிடச் சுலபம். பிறக்கும்போதே பெரிதாக இருப்பதால் நன்றாக நுணுக்கிய பெல்லட் பொடியையே தின்னும். அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா கிடைத்தால் வளர்ச்சி வேகம். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. அதிகம் போட்டு மிச்சம் அழுகினால் சின்னத் தொட்டியில் அம்மோனியா ஒரே இரவில் ஏறி எல்லாவற்றையும் முடித்துவிடும். வாரத்துக்கு கால் பங்குத் தண்ணீரையாவது மாற்ற வேண்டும்.

குஞ்சைப் பார்த்த மகிழ்ச்சியில் பலர் மறப்பது தாயைத்தான். குஞ்சுகளை விட்ட அன்றே தாயைப் பெரிய தொட்டியில் போட்டால், மெலிந்து கிடக்கும் அதை ஆண் மீன் உடனே துரத்தத் தொடங்கும். ஒரு வாரம், பத்து நாள் தனியாக வைத்து, சிறிது சிறிதாகத் தீனி கொடுத்து உடம்பைத் தேற்றிய பிறகே திருப்பி விட வேண்டும். விடும்போது கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால், எல்லா மீனும் புதிதாக இடம் பிடிப்பதில் மும்முரமாகி, வந்த மீனைக் கவனிக்காது. மாமியார் வீட்டுக்குத் திரும்பும் மருமகளுக்குச் செய்யும் ஏற்பாடு மாதிரி.

நாற்பது குஞ்சு, எங்கே கொடுப்பது?

நல்லபடியாகச் சாப்பிடும் பெண் மீன் ஓரிரு மாதத்தில் மறுபடி வாயில் முட்டை வைக்கும். மூன்று பெண் இருந்தால் ஒரு வருடத்தில் வீடு கொள்ளாது. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் குட்டிகளை வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. வீட்டில் வளர்ந்த குட்டிக்குக் கிடைக்கும் விலை மிகக் குறைவு. பெரும்பாலும் தீனிக்கு மாற்றாகத்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கும். இதை வருமானமாக நினைத்து இறங்குபவர்கள் முதலில் மின்சாரக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கலப்புத் தொட்டியில் பிறந்த குஞ்சுகளை விற்பது இன்னொரு சிக்கல். மலாவி சிக்லிட் இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். யெல்லோ லேபும் ரெட் ஸீப்ராவும் ஒரே தொட்டியில் இருந்தால் கலப்புக் குட்டி பிறப்பது சர்வ சாதாரணம். சின்ன வயதில் இரண்டுமே மஞ்சளாகத் தெரியும், வாங்குபவருக்கு வித்தியாசம் புரியாது. இனம் தெரியாத கலப்புகள் இப்படியே கை மாறிக் கை மாறி, கடைகளில் சுத்தமான இனம் கிடைப்பதே கஷ்டமாகிவிடுகிறது. இனப்பெருக்கம்தான் நோக்கம் என்றால் அந்தத் தொட்டியில் ஒரே ஒரு இனம். கலப்பு என்று தெரிந்தால் அதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

யாரும் வாங்கவில்லை என்றால் ஏரியில் விட்டுவிடலாமே, பாவம், பிழைத்துப் போகட்டும் என்று தோன்றும். அதற்கு ஜிலேபி மீனின் கதையைப் பார்க்க வேண்டும். மொசாம்பிக் பகுதியைச் சேர்ந்த அந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வாயில் வைத்துக் காப்பதால் அதன் குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் அதிகம், எந்தத் தண்ணீரிலும் வாழும். குளம், ஏரி, ஆறு என்று பரவி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் தூக்கி வீசப்பட்ட 'டேங்க் கிளீனர்' மீன்கள் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் வலையை நிறைக்கின்றன.

ஜிலேபிக்கு அதன் சொந்த ஊரில் நேர்ந்ததோ வேறு. தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட நைல் திலேப்பியா தப்பித்து அதோடு கலந்ததால், கலப்பில்லாத மொசாம்பிக் திலேப்பியா இன்று அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது.

குஞ்சு அதிகமாகிவிட்டது என்பவர்களுக்கு இருக்கும் எளிய வழி, பெண் மீன் வாயில் முட்டை வைத்தாலும் தனித் தொட்டிக்கு மாற்றாமல் விடுவது. அல்லது ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது. மூன்று வாரப் பட்டினியைத் தொடர்ந்து நான்கு முறை கடந்த ஒரு பெண் மீனுக்கு அப்படி ஒரு சில மாத ஓய்வு எப்படியும் தேவைப்படும்.